ஜன்னலுக்கு வேர்த்த அறை

"அம்மா, ஜன்னலுக்கு வேர்க்குது" என்று நான்கு வயது மகன் அடுப்படிக்கு வந்து சொன்னபோது காலை ஆறரை மணி. நவம்பர் மாதத்தின் இரண்டாம் வாரம் அது. சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்த நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். பிள்ளைகள் அறையின் ஜன்னல் கண்ணாடி முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து, கோடு கோடாக வழிந்து, கீழ்ச் சட்டத்தில் தேங்கி, அங்கிருந்து சுவரில் இறங்கியிருந்தது. சட்டத்தின் மேல் மகள் இரவு வைத்துவிட்டுப் போன கணக்கு நோட்டு ஊறி, அப்பளம் போல நெளிந்து கிடந்தது.

ஊட்டியில் காந்தல் பக்கம் பள்ளத்தில் இருக்கும் வாடகை வீட்டில் எங்களுக்கு இது இரண்டாவது பனிக்காலம். ஊரின் உயரம் சுமார் 2,240 மீட்டர். வடகிழக்குப் பருவமழையின் மேகம் விலகி வானம் தெளிந்துவிட்டால், தரையின் சூடு இரவெல்லாம் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் வந்து தங்கும் என்பதால், மேட்டு வீடுகளைவிட எங்கள் வாசல் புல்லில்தான் உறைபனி முதலில் வெளுக்கும். வீடு பழையது. ஓட்டுக் கூரைக்கு அடியில் பலகை அடித்த தட்டு, சிமெண்ட் தரை, ஒற்றைக் கண்ணாடி பதித்த மர ஜன்னல்கள். பன்னிரண்டுக்குப் பத்து அடி அளவுள்ள பிள்ளைகள் அறை வடக்குச் சுவரை ஒட்டியது என்பதால், பனிக்காலத்தில் அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. இரு பிள்ளைகளும் அத்தையும், அதாவது என் மாமியாரும், அங்கேதான் உறங்குகிறார்கள். போன வருடக் குளிரைக் கம்பளி வாங்கியே கடத்திவிட்டோம். இந்த வருடம் மகனின் இரவு இருமல் மூன்று வாரமாக நிற்காததும், அறையில் ஈரமும் பூஞ்சையும் இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்டதும்தான் என்னைத் திருகாணி முடுக்கியை எடுக்க வைத்தன.

நான் முதலில் செய்த வேலை தவறான வேலை. ஆனால் அதை மிகவும் சுத்தமாகச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காற்று புகும் இடங்களை எல்லாம் அடைத்துவிட்டால் அறை சூடாகும், சூடானால் ஈரம் தானாகப் போய்விடும் என்பது என் கணக்காக இருந்தது. காற்று வீசிய ஒரு சாயங்காலம் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தின் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். புகை நேராக எழுந்தால் அங்கே இடுக்கு இல்லை. சாய்ந்தோ சுழன்றோ ஓடினால் அங்கே இருக்கிறது. ஒன்பது வயது மகள் சாக்பீஸோடு பின்னால் வந்து, புகை சாய்ந்த இடங்களில் எல்லாம் பெருக்கல் குறி போட்டாள். இரண்டு ஜன்னல்களிலும் கதவிலுமாக முப்பத்தொரு குறிகள் விழுந்தன. கீல் பக்கத்தைவிடத் தாழ்ப்பாள் பக்கத்தில்தான் குறிகள் அதிகம். ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் கதவுகள் கோணிப்போயிருந்தன.

கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் புட்டி என்னும் பழைய பசைச்சாந்து காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதை உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை ஒரு கை பூசி, அது இழுத்துக்கொண்ட பிறகு புதுப் புட்டி வைத்தேன். எண்ணெய் பூசாமல் வைத்தால் காய்ந்த மரம் புட்டியில் உள்ள எண்ணெயைக் குடித்துவிடும். அடுத்த வருடமே அது மறுபடியும் உதிரும். புட்டியைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைவது மகனின் பொறுப்பு. அவன் பிசைந்ததில் பாதி, பாம்பாகவும் யானையாகவும் மாறிச் சுவரோரம் வரிசையாக நின்றது. கதவுகள் சட்டத்தில் படியும் இடத்தில் பின்புறம் பசையுள்ள ஃபோம் டேப்பை ஒட்டினேன். ஈரத் துணியால் துடைத்து, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு ஒட்டியதுதான் நின்றது. அவசரத்தில் அன்றே ஒட்டிய ஒரு பக்கம் இரண்டே நாளில் நாடாவாகத் தொங்கியது. கதவுக்கு அடியில் இருந்த விரலளவு இடைவெளிக்கு, என் பழைய சுடிதார் காலை வெட்டித் தைத்து மணல் நிரப்பினோம். அதற்குப் 'பாம்பார்' என்று பெயர் வைத்து, தினமும் இரவு அவரைப் படுக்க வைப்பது யார் என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.

இத்தனையும் முடிந்த மறுநாள் காலையில் அறை 16 டிகிரி இருந்தது. முன்பு அதே நேரத்தில் பதின்மூன்றரைதான் இருக்கும். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை பத்து நாள்தான் நின்றது. ஜன்னலில் வழிந்த நீர் குறையவில்லை, கூடியிருந்தது. பாம்பார் அடிப்பக்கம் நனைந்து கறுத்திருந்தார். மகளின் ஸ்வெட்டரை எடுக்க இரும்புப் பீரோவைத் திறந்தபோது புழுங்கிய வாடை அடித்தது. கணவரும் நானுமாகப் பீரோவை நகர்த்திப் பார்த்தோம். பின்னால் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு, யாரோ மையைத் தெளித்தது போலக் கறுப்புப் பூஞ்சை பூத்திருந்தது. குளிரை வெளியே நிறுத்தப் போய் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரத்தில்தான், "ஏம்மா, ஒரு சட்டியிலே கரி போட்டுக் கணப்பு வைச்சா ஈரமெல்லாம் இழுத்துக்காதா?" என்று அத்தை கேட்டார். கும்பகோணத்துக்காரரான அவருக்கு இந்தக் குளிர் புதிது. பக்கத்து வீட்டு அக்கா கணப்புச் சட்டியை இரவல் தரவும் தயாராக இருந்தார். நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். மூடிய அறையில் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும். கணப்பைப் பற்றவைத்து மூடிய அறைக்குள் படுத்தவர்கள் இறந்துபோன செய்தி மலைப்பகுதிகளிலிருந்து வருவது ஒன்றும் புதிதல்ல. அதிலும் முப்பத்தொரு இடுக்குகளை நானே அடைத்துவைத்திருந்த அறை அது. அத்தை கொஞ்சம் மனத்தாங்கலோடு எழுந்து போனார். பிறகு நான் ரப்பர் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்ததும் சமாதானமானார்.

இனி ஊகம் வேண்டாம் என்று முடிவு செய்து, வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். விலை நானூறு ரூபாய்க்குள்தான். அதைத் தலைமாட்டுச் சுவரில் மாட்டி, காலை ஆறு, நண்பகல், இரவு ஒன்பது என்று மூன்று வேளையும் மகள் நோட்டில் குறித்தாள். காலையில் 16 டிகிரி, 86 சதவீதம் என்று வந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால்தான் கதை புரியும். 16 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் பதின்மூன்றரை கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 86 சதவீதம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இந்தக் காற்று பதின்மூன்றரை டிகிரிக்குக் குளிர்ந்தாலே போதும், தாங்க முடியாததை நீராகக் கீழே விட்டுவிடும். வெளியே நான்கைந்து டிகிரி இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறமே ஏழெட்டு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பீரோவுக்குப் பின்னால் அறையின் சூடு போய்ச் சேராத சுவரும் அப்படித்தான். அப்படியானால் ஜன்னலுக்கு வேர்ப்பது ஜன்னலின் குற்றம் அல்ல. அறைக்குள் அத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

பதில் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அறையின் குறுக்கே கட்டியிருந்த கொடியில் யூனிஃபார்ம், ஸ்வெட்டர், காலுறை என்று தினமும் ஏதாவது காய்ந்துகொண்டே இருக்கும். பனிமூட்டத்தில் வெளியே போட்டால் மூன்று நாளானாலும் காயாது. ஒரு நாள் கொடியில் போடும் முன் எல்லாவற்றையும் பையில் கட்டிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன்: மூன்று கிலோ 450 கிராம். மறுநாள் மாலை காய்ந்த பிறகு நிறுத்தபோது இரண்டு கிலோ 150 கிராம். நடுவில் காணாமல் போன ஒரு லிட்டர் முந்நூறு மில்லி தண்ணீரும் அந்த அறையின் காற்றுக்குள்தான் போயிருக்கிறது. அத்துடன் மூன்று பேர் இரவு முழுவதும் விடும் மூச்சிலும் தோலிலும் இருந்து ஏறத்தாழ முக்கால் லிட்டர் சேரும். இரண்டு லிட்டர் தண்ணீரைத் தினமும் அறைக்குள் கொட்டிவிட்டு ஜன்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே, துணி காய வேறு இடம் வேண்டும். தெற்குப் பக்கத்துச் சுவருக்கு, பனிமூட்டம் இல்லாத நாளில் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெயில் உண்டு. பசுமைக்குடில் போட்டுக் கொய்மலரும் காய்கறியும் வளர்க்கும் மாவட்டம் என்பதால், அதற்கான 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட் இங்கே விவசாயப் பொருள்கள் விற்கும் கடைகளில் வெட்டுத்துண்டாகவே கிடைக்கிறது. சாதாரணப் பிளாஸ்டிக் தாள் இந்த மலை வெயிலில் சில மாதங்களிலேயே நொறுங்கிவிடும். இது புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்யப்பட்டது. முக்கால் அங்குல பிவிசி குழாய்களை எல்போ, டீ என்னும் இணைப்புத் துண்டுகளை வைத்து இணைத்து, ஆறடி நீளம், மூன்றடி அகலம், சுவர்ப் பக்கம் ஏழடியும் வெளிப்பக்கம் ஐந்தரை அடியுமாகச் சரிந்த ஒரு கூடு செய்தேன். குழாயை நடுமுதுகில் வெட்டிப் பிளந்த ஒரு சாண் துண்டுகளே ஷீட்டைக் கவ்வும் கிளிப்புகள் ஆயின. உள்ளே இரண்டு கொடிகள். அடியில் கனமான ஆற்றுக் கற்கள், காற்று தூக்கிவிடாமல் இருக்க.

முதல் நாள் இந்தக் கூட்டிலும் அதே தவற்றைத்தான் செய்தேன். சூடு வெளியேறக் கூடாது என்று நான்கு பக்கமும் ஷீட்டை இழுத்து மூடினேன். நண்பகலில் உள்ளே 33 டிகிரி; வெளியே 17. ஆகா என்று மகிழ்ந்து மூன்று மணிக்குத் திறந்தால், ஷீட்டின் உட்புறத்தில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாகத் துணிகளின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அந்த ரூம் மாதிரியேதானேம்மா இதுவும்?" என்றாள். எனக்குச் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. மறுநாள் சுவரோரம் மேலே நான்கு விரல் அகலத்துக்கும், எதிர்ப்பக்கம் தரையோரம் அதே அளவுக்கும் திறப்பு விட்டேன். கீழே நுழையும் காற்று சூடாகி, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலே போய்விடுகிறது. உள்வெப்பம் 27 டிகிரிக்குக் குறைந்தது. ஆனால் யூனிஃபார்ம் நான்கு மணி நேரத்தில் காய்ந்தது. தடித்த கம்பளி ஸ்வெட்டருக்கு மட்டும் இரண்டு வெயில் வேண்டும்.

கூடு சொல்லிக்கொடுத்ததை அறைக்குக் கொண்டுபோவதுதான் அடுத்த வேலை. வடக்கு ஜன்னலுக்கு மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. முன்பு குடியிருந்தவர்கள் அட்டை வைத்து ஆணியடித்து, அதன் மேலேயே பெயிண்டும் அடித்திருந்தார்கள். அதைப் பிரித்து, கொசுவலை வைத்து, கயிறு இழுத்தால் திறக்கும்படி பழைய கீலைச் சரிசெய்தேன். இரவில் உள்ளங்கை அகலத்துக்குத் திறந்துவைக்கிறோம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் இரண்டு ஜன்னல்களையும் எதிர்க்கதவையும் பத்து நிமிடம் விரியத் திறந்துபோடுகிறோம். "பனியைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்கிறாயே" என்றார் அத்தை. நியாயமான சந்தேகம்தான், வெளியே ஈரமாகத் தெரியும் பனிக்காற்று எப்படி அறையை உலர்த்தும்? நான்கு டிகிரிக் காற்று முழுக்க நனைந்திருந்தாலும், கனமீட்டருக்கு ஆறரை கிராமுக்கு உட்பட்ட நீராவியைத்தான் அதனால் சுமக்க முடியும். அதே காற்று அறைக்குள் வந்து 15 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுவதால், ஈரப்பதம் 50 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. குளிர்ந்த காற்று காலிக் குடத்தோடு வருகிறது என்று அத்தைக்குச் சொன்னேன். குடம் என்றதும் அவர் ஒத்துக்கொண்டார். ஒட்டிய ஃபோம் டேப்பை நான் பிடுங்கவில்லை. அடைத்த இடுக்கும் திறந்த வெண்டிலேட்டரும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். ஆனால் இடுக்கில் நுழையும் காற்று உறங்கும் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். வெண்டிலேட்டரில் நுழைவது கூரையோரம் கலந்து இறங்கும், அளவும் நம் கையில் இருக்கும்.

பூஞ்சையைத் துடைத்த நாளில் பிள்ளைகளைக் கூடத்தில் படுக்கவைத்தோம். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, ஜன்னலைத் திறந்துவைத்துத் துடைத்தேன். கழிவறை கழுவும் அமிலத்தை அதோடு சேர்த்துவிடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சுவர் உலர நான்கு நாள் ஆயிற்று. பீரோ இப்போது சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி நிற்கிறது. சிமெண்ட் தரையில் நேராக விரித்திருந்த மெத்தையின் அடியும் நனைந்திருந்ததால், மரக்கடையில் சில்வர் ஓக் ரீப்பர்கள், அதாவது மெல்லிய மரச்சட்டங்கள், வாங்கி, விரலளவு இடைவெளி விட்டு அடித்து, மூன்றங்குல உயரத்தில் ஒரு தட்டி செய்து அதன் மேல் மெத்தையைப் போட்டோம். இந்தத் தட்டி அரை நாள் வேலை. ஆனால் அத்தையின் முதுகுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது இதுதான்.

அறையை ஒட்டியுள்ள அடுப்படியையும் விடவில்லை. சமையல் எரிவாயு எரியும்போது அதுவே நீராவியாகவும் மாறுகிறது. ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 1.6 கிலோ நீரைத் தரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் இருபத்திரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்திருக்கும் என்று பொருள். குளிக்கும் வெந்நீரைத் திறந்த அண்டாவில் காய்ச்சினால் அந்த ஆவி தனி. அண்டாவுக்கு மூடி, அடுப்பெரியும் போதெல்லாம் புகைவிசிறி, இடைக்கதவைச் சாத்துவது என்ற மூன்றும் செலவே இல்லாத மாற்றங்கள். இடைக்கதவைச் சாத்த மட்டும் இன்னும் யாருக்கும் பழகவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஜனவரியில் தொடர்ந்து ஐந்து நாள் வாசல் புல் வெளுத்துக் கிடந்தபோது மகளின் நோட்டில் காலைக் கணக்கு 14.5 டிகிரியிலும் 60 சதவீதத்தை ஒட்டியும் நின்றது. டேப் மட்டும் ஒட்டியிருந்த நாள்களைவிட ஒன்றரை டிகிரி குறைவு; ஆனால் உலர்ந்த குளிர் கம்பளிக்குக் கட்டுப்படுகிறது, ஈரக் குளிர் கட்டுப்படுவதில்லை. படுக்கும் முன் ஒரு மணி நேரம் ஆயிரம் வாட் ஆயில் ஹீட்டரைப் போடுகிறோம். அது நாளுக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்தில் ஹீட்டர் மட்டும் அறுபது யூனிட்டைத் தின்றுவிடும் என்பதால், அதற்கு மேல் அனுமதி இல்லை. கண்ணாடியின் கீழ் விளிம்பில் மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு மங்கலாகப் பூக்கிறது, வழிவதில்லை. மகன் அதில் தினமும் ஒரு முகம் வரைகிறான். இருமல் நின்றுவிட்டது; அது மருந்தாலா, சுவராலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பாக்கி இருப்பது துணிக்கூட்டின் பிரச்சினை. ஊட்டிக் குளிரில் வற்றல் வடாம் எல்லாம் கனவு என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்த அத்தை, கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு மறுநாளே இரண்டு கிலோ பச்சை மிளகாயைத் தயிரில் ஊறப்போட்டார். இப்போது கீழ்க்கொடி இருந்த இடத்தில் மூன்று தாம்பாளங்கள் அடுக்கியிருக்கின்றன. மகளின் யூனிஃபார்ம் மோர்மிளகாய் வாசனையோடு பள்ளிக்குப் போகிறது. இரண்டாவது கூட்டுக்கு ஐந்து நீளம் பிவிசி குழாயும் பன்னிரண்டு எல்போவும் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.